மொக்தார் டஹாரி: 37 வயதில் மறைந்த ‘சூப்பர்மொக்’கின் நோய்க்குப் பெயர் என்ன? காற்பந்துக்கும் அதற்கும் தொடர்பு உண்டா?

பினாங்கில் காற்பந்து பார்க்கும் வீடுகளில் பழைய ஆட்டங்களை இன்னும் மறக்காத ஒரு தாத்தாவோ பெரியப்பாவோ நிச்சயம் இருப்பார். அவரிடம் மொக்தார் டஹாரி என்று சொல்லிப் பாருங்கள். முதலில் கொஞ்சம் முகத்தைச் சுளிப்பார், ஏன்னா மொக்தார் எதிரணி, சிலாங்கூர்காரர். அப்புறம் அரை மணி நேரத்துக்கு அவரைப் பற்றித்தான் பேசுவார்.

மொக்தார் எப்படி இறந்தார் என்று கேட்டால் மட்டும் பதில் தடுமாறும். ஏதோ தசை நோய் என்பார்கள். 1991-ல் நாடே அப்படித்தான் நம்பியது. ஆனால் அது உண்மையில்லை. சரியான பெயர் வெளியே வர ஏறத்தாழ 20 ஆண்டுகள் ஆயின.

ஒரு நோயின் பெயர் மாறினால் என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றலாம். மொக்தார் விஷயத்தில் அது பெரிய வித்தியாசம்தான். இன்று உலகம் முழுக்கக் காற்பந்து உலகம் கேட்டுக்கொண்டிருக்கும் ஒரு கேள்வி இருக்கிறது: வாழ்நாள் முழுக்க இந்த ஆட்டத்தை ஆடுவது மூளையையும் நரம்புகளையும் பாதிக்குமா? அந்தக் கேள்விக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டிய மலேசியர் மொக்தார். பழைய பெயரை நம்பியிருந்த வரை அப்படிப் பார்க்க யாருக்கும் தோன்றியிருக்காது.

லாரி ஓட்டுநரின் மகன்

மொக்தார் 1953 நவம்பர் 13 அன்று சேத்தாப்பாக்கில் பிறந்தார். அப்பா டஹாரி, லாரி ஓட்டுநர். மொக்தாருக்கு 11 வயதானபோது குடும்பம் கம்போங் பண்டானுக்குக் குடிமாறியது. படித்தது கோலாலம்பூரின் பழம்பெரும் பள்ளியான விக்டோரியா இன்ஸ்டிடியூஷனில். பள்ளித் திடலில் ஆடும்போதே வெளியே தெரிய ஆரம்பித்துவிட்டார்.

1972-ல், இன்னும் 19 வயது முடியாத நிலையில், சிலாங்கூர் அணிக்கும் அதே ஆண்டில் தேசிய அணிக்கும் ஆடத் தொடங்கினார். பெரிய உயரம் இல்லை, ஆனால் தோள் அகலம். இரண்டு பேர் சேர்ந்து தள்ளினாலும் பந்தை விட்டு விலகமாட்டார். நடுத்திடலில் பந்தை வாங்கி, நேராகக் கோல் கம்பத்தை நோக்கி ஓடி, தூரத்திலிருந்தே பலமாக அடிப்பது அவர் பாணி. ‘சூப்பர்மேன்’ என்ற சொல்லையும் அவர் பெயரையும் சேர்த்து ரசிகர்கள் ‘சூப்பர்மொக்’ என்று அழைத்தார்கள்.

இன்றைய நட்சத்திரங்களைப் போல அவரைக் கற்பனை செய்துவிடாதீர்கள். மலேசியாவில் பகுதிநேரத் தொழில்முறை லீக் வந்ததே 1989-ல்தான். மொக்தார் காலத்தில் ஆட்டக்காரர்கள் பகலில் வேலைக்குப் போய், மாலையில் பயிற்சிக்கு வந்தார்கள். பல ஆண்டு ஒப்பந்தம், ஓய்வுக்குப் பிறகும் உடல்நிலையைக் கவனிக்கும் மருத்துவக் குழு என்பதெல்லாம் அந்தக் காலத்துப் பேச்சே இல்லை.

பினாங்கு தட்டிப் பறித்த ஒரு கிண்ணம்

மொக்தாரின் சிலாங்கூர் 1972, 1973, 1975, 1976 என்று மலேசியக் கிண்ணத்தை வாரிச் சுருட்டியது. இந்த வரிசையில் ஓர் ஆண்டு விட்டுப்போயிருக்கிறதே, கவனித்தீர்களா? 1974. அந்த ஆண்டு இறுதி ஆட்டத்தில் பேராக்கை 2-1 என்று வென்று கிண்ணத்தைக் கொண்டுபோனது பினாங்கு. நம்ம ஊர்ப் பெரியவர்கள் மொக்தார் பேச்சை எடுத்தாலே 1974-க்குத் தாவுவது ஏன் என்று இப்போது புரியும்.

ஆனால் மாநிலச் சட்டையைக் கழற்றிவிட்டுத் தேசியச் சட்டை போட்டால் கதை வேறு. பினாங்கின் ஷுக்கோர் சாலே நடுத்திடலில், பினாங்கின் ஈசா பக்கார் முன்வரிசையில், கூடவே மொக்தார். மாநில ஆட்டங்களில் முறைத்துக்கொண்டவர்கள் மெர்டேக்கா அரங்கில் ஒரே அணி. 1970-களின் மலேசிய அணி ஆசியாவில் மதிக்கப்பட்ட அணி என்பதை இன்றைய தரவரிசையைப் பார்த்துப் பழகிய உங்களுக்கு நம்பக் கஷ்டமாக இருக்கலாம். 1974 தெஹ்ரான் ஆசிய விளையாட்டில் வெண்கலம். 1977-லும் 1979-லும் சீ விளையாட்டில் தங்கம். 1980-ல் மாஸ்கோ ஒலிம்பிக்கிற்கே தகுதி பெற்றது. மேற்கத்திய நாடுகளுடன் சேர்ந்து மலேசியாவும் புறக்கணித்ததால் போகவில்லை.

தமிழ் ரசிகர்களுக்கு அந்த அணியில் இன்னொரு பிடிமானமும் உண்டு: கோல் காவலர் ஆர். ஆறுமுகம். நீண்ட கைகளால் எங்கிருந்து வந்த பந்தையும் பிடித்ததால் ‘ஸ்பைடர்மேன்’ என்று பெயர் வாங்கியவர். சிலாங்கூரிலும் தேசிய அணியிலும் மொக்தார் முன்னால் கோல் அடிக்க, ஆறுமுகம் பின்னால் கோல் காத்தார். ஆறுமுகம் 1988-ல் சாலை விபத்தில் இறந்தார். அதே 1988-ல்தான் மொக்தாரின் வாழ்க்கையும் திரும்பியது. அதற்கு அப்புறம் வருவோம்.

1975-ல் இங்கிலாந்தின் ஆர்சனல் அணி கோலாலம்பூர் வந்தது. மலேசியத் தேர்வு அணி 2-0 என்று வென்றது. இரண்டு கோலும் மொக்தார் அடித்தவை. 1978-ல் பாபி ராப்சன் பயிற்றுநராக இருந்த இங்கிலாந்து ‘பி’ அணி வந்தபோது ஆட்டம் 1-1 என முடிந்தது. மலேசியாவின் அந்த ஒரு கோல், மொக்தார் பாதித் திடலை ஓடிக் கடந்து, தற்காப்பு ஆட்டக்காரர்களை ஒவ்வொருவராகத் தாண்டி அடித்தது. அன்று மெர்டேக்கா அரங்கில் இருந்ததாகச் சொல்லிக்கொள்பவர்களை எல்லாம் எண்ணினால் அரங்கத்தின் கொள்ளளவைப் போல மூன்று மடங்கு வரும் என்பது என் சந்தேகம்.

சிலாங்கூருடன் 10 முறை மலேசியக் கிண்ணம் வென்றார். கடைசி கிண்ணம் 1986-ல், ஜொகூரை 6-1 என்று நசுக்கிய ஆட்டத்தில். நாட்டுக்காக அவர் அடித்த கோல்கள் 89 என்று ஃபிஃபா ஏற்றுக்கொண்டிருக்கிறது. பெலே பிரேசிலுக்கு அடித்தது 77. எதிரணிகளின் தரம் ஒன்றல்ல, ஒப்பிடுவது நியாயமில்லை என்று நீங்கள் சொன்னால் நானும் ஒத்துக்கொள்வேன். ஆனாலும் 89 என்பது 89தான்.

1988: தொண்டையில் தொடங்கியது

ஓய்வு பெற்றுச் சில காலம்தான். 1988-ல் தொண்டையில் ஏதோ சரியில்லை என்று மருத்துவரிடம் போனார். சாதாரணத் தொண்டை வலி என்றுதான் தோன்றியிருக்கும். பிறகு மனைவியுடன் லண்டனுக்குப் போய்ப் பரிசோதனை செய்துகொண்டபோது பதில் கிடைத்தது: மோட்டார் நியூரான் நோய். அப்போது அவருக்கு 34, 35 வயது.

அந்தப் பெயரை அவர்கள் வெளியே சொல்லவில்லை. பத்திரிகைகளுக்குத் தெரிந்ததெல்லாம் தசைச் சிதைவு நோய் என்பதுதான். மூன்று ஆண்டுகள் அவர் போராடினார். சிகிச்சை தேடி இத்தாலிவரைக்கும் போனார். நடுத்திடலிலிருந்து ஓடி வந்த அந்த உடல் கொஞ்சம் கொஞ்சமாக அசைவை இழந்தது. 1991 ஜூலை 11 அன்று சுபாங் ஜெயா மருத்துவ நிலையத்தில் இறந்தார். வயது 37.

2010-ல் நேஷனல் ஜியாகிரஃபிக் சேனல் அவரைப் பற்றி ஓர் ஆவணப்படம் ஒளிபரப்பியது. அதில்தான் பொதுமக்கள் நோயின் உண்மையான பெயரை அறிந்தார்கள். இடையில் 19 ஆண்டுகள்.

மறைத்தது தப்பா? நான் அப்படி நினைக்கவில்லை. தன் நோயை யாருக்குச் சொல்வது என்பது நோயாளியின் உரிமை. அது நாட்டுக்கே சொந்தமானவர் என்று கொண்டாடப்படுபவருக்கும் பொருந்தும். 1980-களின் மலேசியாவில் ஒரு ‘சூப்பர்மேன்’ தன் உடல் தன் பேச்சைக் கேட்கவில்லை என்று மேடையேறிச் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று யோசியுங்கள். ஆனால் அதற்கு ஒரு விளைவு இருந்தது. அதைப் புரிந்துகொள்ள இந்த இரண்டு நோய்களுக்கும் உள்ள வேறுபாட்டைப் பார்க்க வேண்டும்.

தசையா, நரம்பா?

உங்கள் கையை உயர்த்த வேண்டும் என்று நினைக்கிறீர்கள். மூளையிலிருந்து கட்டளை கிளம்பி, தண்டுவடம் வழியாக இறங்கி, நரம்பு வழியாகத் தசையை அடைகிறது, தசை சுருங்குகிறது, கை உயர்கிறது. இந்தக் கட்டளையைக் கொண்டுபோகும் நரம்பணுக்கள்தான் மோட்டார் நியூரான்கள்.

தசைச் சிதைவு நோயில் கோளாறு தசையிலேயே இருக்கிறது. அது மரபணுக் குறையால் வருவது. பிறக்கும்போதே உடலுக்குள் எழுதப்பட்டிருப்பது. நீங்கள் எந்த விளையாட்டு ஆடினீர்கள் என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மோட்டார் நியூரான் நோயில் தசை நன்றாகத்தான் இருக்கிறது, கட்டளை கொண்டுவரும் நரம்பணுக்கள் ஒவ்வொன்றாகச் சாகின்றன. வீட்டுக்கு வரும் மின்கம்பி அறுந்துபோனால் விளக்கு நல்லதாக இருந்தும் எரியாது அல்லவா, அது மாதிரி. கட்டளை வராத தசை மெலிகிறது. கை, கால், பேச்சு, விழுங்குவது, கடைசியில் மூச்சு. சிலருக்குத் தொண்டையிலும் நாக்கிலும்தான் முதல் அறிகுறி தெரியும். பெரும்பாலானோருக்குச் சிந்தனை கடைசிவரை தெளிவாகவே இருக்கும், நடப்பது எல்லாம் தெரியும். இந்த நோயின் கொடுமையே அதுதான்.

அறிகுறி தொடங்கியதிலிருந்து பெரும்பாலானோர் இரண்டு முதல் ஐந்து ஆண்டுகள் வாழ்கிறார்கள். இயற்பியலாளர் ஸ்டீபன் ஹாக்கிங் 50 ஆண்டுகளுக்கும் மேல் வாழ்ந்தது மிக அரிதான விலக்கு. நோயின் வேகத்தைக் கொஞ்சம் குறைக்கும் முதல் மருந்தான ரிலுசோல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது 1995-ல். மொக்தார் இறந்து நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு.

இந்த நோய் எத்தனையோ பேருக்கு எந்தக் காரணமும் தெரியாமல் வருகிறது. சுமார் பத்தில் ஒருவருக்குத்தான் குடும்பத்தில் வேறு யாருக்காவது அது இருந்திருக்கும். மற்றவர்களுக்கு மரபணுவும் வாழ்க்கைச் சூழலும் ஏதோ ஒரு விதத்தில் சேர்ந்து வேலை செய்கின்றன என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. சூழல் என்று சொன்னதுமே விளையாட்டு உள்ளே வந்துவிடுகிறது. ஆக, பெயர் மாறியதும் கேள்வியும் மாறிவிட்டது.

மற்றொரு 37 வயது

2014-ல் தலையில் ஐஸ் தண்ணீரைக் கொட்டிக்கொண்டு எல்லாரும் காணொளி போட்டார்களே, ஞாபகம் இருக்கிறதா? அந்த ஐஸ் பக்கெட் சேலஞ்ச் இந்த நோய்க்கு நிதி திரட்டத்தான். மோட்டார் நியூரான் நோய்களில் மிகப் பரவலான வகை ஏ.எல்.எஸ். அமெரிக்காவில் அதற்கு இன்னொரு பெயர், லூ கெரிக் நோய். நியூயார்க் யாங்கீஸ் அணியின் பேஸ்பால் நட்சத்திரம் லூ கெரிக். விடாமல் 2,130 ஆட்டங்களில் ஆடியதால் ‘இரும்புக் குதிரை’ என்று அழைக்கப்பட்டவர். 1939-ல் நோய் தெரிந்ததும் நிறைந்த அரங்கத்தின் முன் நின்று ரசிகர்களிடம் விடைபெற்றார். 1941-ல் இறந்தார். வயது 37.

அவருக்கும் 37, மொக்தாருக்கும் 37. இடையில் சரியாக 50 ஆண்டுகள். ஒருவர் அரங்கத்தின் நடுவே விடைபெற்றார், மற்றவர் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். கெரிக்கின் பெயரே நோயின் பெயராகிவிட்டது; அந்த நோய் வந்த மலேசியரை நாம் 2010 வரை அறியவே இல்லை.

காற்பந்து எப்போது சந்தேக வளையத்துக்குள் வந்தது?

முதலில் இத்தாலியில். டுரின் நகர அரசு வழக்குரைஞர் ரஃபாயெலே குவாரினியெல்லோ, காற்பந்தில் ஊக்கமருந்துப் பயன்பாட்டைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தார். ஆட்டக்காரர்கள் எதனால் இறந்தார்கள் என்று தோண்டியபோது, எதிர்பாராத ஒரு நோய் அடிக்கடி தலைகாட்டியது. பிறகு அறிவியலாளர்கள் முறையாகக் கணக்கெடுத்தார்கள். 1970 முதல் 2001 வரை இத்தாலியின் முதல் இரண்டு பிரிவுகளில் ஆடிய 7,325 பேர். பொதுமக்களின் கணக்குப்படி இவர்களில் ஒருவருக்கு ஏ.எல்.எஸ். வந்திருந்தாலே அதிகம். வந்தது ஐந்து பேருக்கு. சராசரியாகத் தொடங்கிய வயதும் வழக்கத்தைவிடக் குறைவு, நாற்பதுகளின் தொடக்கம். 2005-ல் வெளிவந்த இந்த ஆய்வில் எண்ணிக்கை சின்னதுதான், அதை மட்டும் வைத்து எதையும் முடிவு கட்ட முடியாது. ஆனால் கதவு திறந்துவிட்டது.

இங்கிலாந்தில் கதவைத் தட்டியது ஒரு குடும்பம். ஜெஃப் ஆஸ்ல், வெஸ்ட் பிராம்விச் ஆல்பியன் அணியின் முன்வரிசை ஆட்டக்காரர். தலையால் முட்டிக் கோல் அடிப்பதில் பேர் போனவர், 1970 உலகக் கிண்ணத்தில் இங்கிலாந்துக்கு ஆடியவர். ஐம்பதுகளிலேயே மறதி நோய் வந்து 2002 ஜனவரியில் 59 வயதில் இறந்தார். அதே ஆண்டு நடந்த மரண விசாரணையில், பல்லாண்டுகள் பந்தைத் தலையால் முட்டியதே மூளைப் பாதிப்புக்குக் காரணமானது என்று கூறி, மரணத்தைத் தொழில்சார் நோயால் ஏற்பட்டது என்று மரண விசாரணை அதிகாரி பதிவு செய்தார். சுரங்கத் தொழிலாளியின் நுரையீரல் நோய் மாதிரி, ஒரு காற்பந்து ஆட்டக்காரரின் மூளை நோயும் வேலையால் வந்தது என்று ஆகிவிட்டது.

அதற்குப் பிறகும் பெரிதாக எதுவும் நடக்கவில்லை. 2014-ல் கிளாஸ்கோவைச் சேர்ந்த நரம்பு நோயியல் நிபுணர் வில்லி ஸ்டூவர்ட், பாதுகாத்து வைத்திருந்த ஆஸ்லின் மூளையை மறுபடி ஆராய்ந்தார். அவர் கண்டது சி.டி.ஈ. என்று சுருக்கமாக அழைக்கப்படும் நோய், அதாவது திரும்பத் திரும்பத் தலையில் அடி வாங்குபவர்களின் மூளையில் காணப்படும் ஒரு சிதைவு. அதுவரை குத்துச்சண்டை வீரர்களோடும் அமெரிக்கக் காற்பந்தோடும்தான் அதைச் சேர்த்துப் பேசினார்கள். இறந்த பிறகு மூளையைத் திறந்து பார்த்தால்தான் இதை உறுதி செய்ய முடியும் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

7,676 ஸ்காட்லாந்துக்காரர்கள்

இந்த விவாதத்தையே மாற்றிய ஆய்வு 2019-ல் வந்தது. அதே ஸ்டூவர்ட்டின் குழு, 1900-க்கும் 1976-க்கும் இடையில் பிறந்த 7,676 ஸ்காட்லாந்துத் தொழில்முறை ஆட்டக்காரர்களை எடுத்துக்கொண்டது. வயதிலும் வசதியிலும் அவர்களுக்கு ஒத்த 23,028 பொதுமக்களோடு ஒப்பிட்டது. ஸ்காட்லாந்தில் யார் எதனால் இறந்தார், யாருக்கு என்ன மருந்து எழுதப்பட்டது என்ற பதிவுகள் ஒழுங்காக இருந்ததால்தான் இது சாத்தியமானது.

நரம்புச் சிதைவு நோய்களால் இறக்கும் வாய்ப்பு ஆட்டக்காரர்களுக்கு சுமார் மூன்றரை மடங்கு. அல்சைமருக்கு ஐந்து மடங்கு. மோட்டார் நியூரான் நோய்க்கு நான்கு மடங்குக்கு மேல்.

பதறாதீர்கள், மறுபக்கமும் இருக்கிறது. அதே ஆட்டக்காரர்கள் இதய நோயாலும் நுரையீரல் புற்றுநோயாலும் இறப்பது குறைவாக இருந்தது. 70 வயது வரை அவர்கள் மற்றவர்களைவிட நன்றாகவே வாழ்ந்தார்கள். ‘நான்கு மடங்கு’ என்பதையும் கவனமாகப் படிக்க வேண்டும். மோட்டார் நியூரான் நோய் ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் சுமார் இரண்டு பேருக்கு வருவது. அரிதான ஒன்றின் நான்கு மடங்கும் அரிதுதான். எல்லா நரம்புச் சிதைவு நோய்களையும் சேர்த்தே, அவற்றை முதன்மைக் காரணமாகக் கொண்டு இறந்தவர்கள் ஆட்டக்காரர்களில் 1.7 விழுக்காடு, மற்றவர்களில் 0.5 விழுக்காடு. இவர்கள் எல்லாரும் ஆண்கள், தொழில்முறையில் ஆடியவர்கள். ஞாயிற்றுக்கிழமை நண்பர்களோடு ஆடுபவருக்கு இதே எண்ணை ஒட்டிவைக்க முடியாது.

2021-ல் அதே குழு யார் எந்த இடத்தில் ஆடினார் என்று பிரித்துப் பார்த்தது. அதிக அபாயம் தற்காப்பு ஆட்டக்காரர்களுக்கு, ஏறத்தாழ ஐந்து மடங்கு. மிகக் குறைவு கோல் காவலர்களுக்கு. பொதுமக்களோடு ஒப்பிட்டால் பெரிய வித்தியாசம் என்று உறுதியாகச் சொல்ல முடியாத அளவு. கோல் காவலர் பந்தைக் கையால் பிடிக்கிறார், தற்காப்பு ஆட்டக்காரர் தலையால் முட்டி வெளியே தள்ளுகிறார். சந்தேகத்தின் விரல் எங்கே நீள்கிறது என்று புரிகிறதா?

அந்தக் காலத்துத் தோல் பந்து கனம், மழையில் ஊறினால் கல் மாதிரி ஆகிவிடும், இப்போதைய பந்து அப்படியில்லை, அதனால் பிரச்னை தீர்ந்தது என்று பலர் சொல்வார்கள். சாயங்கால மழையில் ஆடிய நம்ம ஊர்ப் பழைய ஆட்டக்காரர்கள் இதை அடித்துச் சொல்வார்கள். ஊறினால் கனம் என்பது உண்மைதான். ஆனால் இன்றைய பந்து வேகமாகப் பறக்கிறது. 2021 ஆய்வில் எந்தக் காலகட்டத்தில் ஆடினார்கள் என்பதைப் பொறுத்து அபாயம் குறிப்பிடும்படி மாறவில்லை. பந்தை மட்டும் குற்றம் சொல்லித் தப்பிக்க முடியாது.

அப்படின்னா மொக்தாரைக் கொன்றது காற்பந்தா?

தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்: அப்படிச் சொல்ல முடியாது. ஆய்வுகள் கூட்டத்தைப் பற்றிப் பேசுகின்றன, தனி மனிதரைப் பற்றி அல்ல. புகைபிடிப்பவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் அதிகம் என்று தெரிந்தாலும், ஒரு குறிப்பிட்ட நோயாளிக்கு அது புகையால்தான் வந்தது என்று அடித்துச் சொல்ல முடியாதல்லவா? இங்கே காரணமே இன்னும் முழுசாகத் தெளிவாகவில்லை. தலையால் முட்டுவதுதான் காரணமா, மோதல்களில் வாங்கும் அடியா, மரபணுவில் பலவீனம் உள்ளவர்கள் கடுமையான உடற்பயிற்சி செய்வதாலா என்று வெவ்வேறு திசைகளில் ஆய்வுகள் ஓடுகின்றன. மொக்தாரின் புகழே ஓட்டத்திலும் காலடியிலும்தான். அவருடைய நோயைத் தலை அடியோடு முடிச்சுப் போட எந்த ஆதாரமும் இல்லை.

ஆனால் ஒன்றைச் சொல்லலாம். இத்தாலியிலும் ஸ்காட்லாந்திலும் விடை தேட முடிந்ததற்குக் காரணம், இறந்தவர்களின் நோய்க்குச் சரியான பெயர் எங்கேயோ எழுதப்பட்டிருந்தது. 1991-ல் நம் பத்திரிகைகளைப் படித்த ஒருவர், நாட்டின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் மரபணு நோயால் இறந்தார் என்று நினைத்துப் பக்கத்தைத் திருப்பியிருப்பார். அவருக்குக் கேட்க எந்தக் கேள்வியும் இருந்திருக்காது. பந்தைத் தலையால் முட்டியே தற்காப்பில் 15 ஆண்டு ஆடி, இன்று பேரப்பிள்ளைகளின் பெயரை மறந்துபோகும் முன்னாள் மாநில ஆட்டக்காரர் உங்கள் தாமானிலேயே இருக்கலாம். வயசாச்சு, அதான் என்று வீட்டில் விட்டுவிடுவார்கள். மருத்துவரிடம் கூட்டிப்போகும்போது, அவர் எத்தனை வருஷம், எந்த இடத்தில் ஆடினார் என்பதையும் சொல்லச் சொல்லுங்கள். மருத்துவருக்கு அது தேவையான தகவல்.

நாளைக்கு நீங்கள் திடலுக்குப் போகிறீர்கள்

சில நாடுகள் விதிகளை மாற்றிவிட்டன. அமெரிக்காவில் 10 வயது வரையிலான பிள்ளைகள் பந்தைத் தலையால் முட்டுவதை 2015-லேயே நிறுத்தினார்கள். ஸ்காட்லாந்தில் 2020 முதல் 12 வயதுக்குட்பட்டோரின் பயிற்சியில் அது கிடையாது. இங்கிலாந்தில் 2021 முதல் தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கே, பலமான தலைமுட்டுகள் பயிற்சியில் வாரத்துக்கு 10 என்ற வழிகாட்டுதல். 2024 முதல் உலக ஆட்ட விதிகளிலேயே, தலையில் அடிபட்டவருக்குப் பதில் கூடுதலாக ஒருவரை இறக்க, போட்டி நடத்துபவர்கள் அனுமதிக்கலாம். அடிபட்டவரை வெளியே எடுத்தால் ஓர் ஆள் குறையுமே என்று பயிற்றுநர் தயங்கக் கூடாது என்பதுதான் நோக்கம்.

சிட்டி ஸ்டேடியத்திலோ பள்ளித் திடலிலோ ஆடும் உங்களுக்கு இவற்றைவிட அவசரமானது வேறு. தலையோடு தலை மோதிக்கொண்ட நண்பன் எழுந்து நின்றுவிட்டால் எல்லாம் சரி என்று நினைக்காதீர்கள். மூளை அதிர்ச்சி, அதாவது கன்கஷன் ஏற்பட்டவர்களில் பெரும்பாலானோர் மயங்கி விழுவதே இல்லை. தலைவலி, தலைசுற்றல், கண் மங்குவது, குமட்டல், கேட்டதையே திரும்பக் கேட்பது, எத்தனை கோல் என்று தெரியாமல் விழிப்பது, இதில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கு அவன் ஆட்டம் முடிந்தது. கொஞ்சம் தண்ணி குடிச்சிட்டு வந்து ஆடறேன்னு சொல்வான். விடாதீர்கள். முதல் அடி ஆறுவதற்குள் இரண்டாவது அடி விழுந்தால் இளம் வயதினருக்கு மூளை வீங்கும் ஆபத்து உண்டு. அரிதுதான், ஆனால் உயிரையே எடுக்கும்.

முதல் ஒன்றிரண்டு நாள் ஓய்வு, கைப்பேசித் திரையைப் பார்ப்பதும் குறைவாக. அப்புறம் நடை, மெதுவான ஓட்டம், தனியாகப் பந்து, குழுப் பயிற்சி என்று படிப்படியாக. அறிகுறி திரும்பினால் ஒரு படி பின்னால். ஆட்டத்துக்குத் திரும்பும் முன் மருத்துவர் ஒருவர் சரி சொல்ல வேண்டும். டோர்னமெண்ட் இறுதி ஆட்டம் இந்தச் சனிக்கிழமைதானே என்று யாராவது கெஞ்சினாலும் அதேதான்.

தலைவலி கூடிக்கொண்டே போனால், திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தால், வலிப்பு வந்தால், கை கால் பலமிழந்தால், பேச்சு குழறினால், எழுப்ப முடியாத தூக்கம் வந்தால் காத்திருக்க வேண்டாம். 999-ஐ அழையுங்கள், அல்லது நேராக மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். எப்போது, எப்படி அடிபட்டது என்று பார்த்தவர் ஒருவர் கூடவே போகட்டும். அடிபட்டவனுக்கு அது ஞாபகம் இருக்காது.